முதல் குடம் ஊற்றியவர்

அப்பாதுரையை வரவேற்புக்குழுத் தலைவராகப் போட்டது யாருடைய யோசனை என்று இப்போது கேட்டால் அடி அண்ணாமலையில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அன்றைக்கு ஊரே சேர்ந்து கை தட்டித்தான் போட்டது. வைக்கோல் போருக்கும் குடிசைக்கும் தீ வைக்கிற கெட்ட பழக்கத்தைப் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டும் கூட்டம். அதற்குத் தலைமை தாங்க, தீயை முதலில் பார்த்தவர், முதலில் கூச்சல் போட்டவர், முதல் குடம் தண்ணீரை ஊற்றியவர் என்று மூன்று தகுதியும் ஒருங்கே உள்ள மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான். நான்காவதாக இன்னொரு தகுதியும் அவருக்கு இருந்தது. அந்தத் தீயை வைத்தவரும் அவர்தான். அது அப்பாதுரைக்கும் அண்ணாமலையாருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இரண்டு பேருமே வெளியே சொல்லவில்லை.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. பெரிய காரணம் என்றால் இந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போவார்கள். சின்னக் காரணத்துக்குத்தான் தீப்பெட்டி.

கிரிவலப் பாதையை ஒட்டி ஊருக்குப் பொதுவான களம் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் ஏறிக்கொண்டே போனது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் சாமியைத் தேடுவதற்கு முன்னால் வேனை நிறுத்த இடம் தேடினார்கள். அதைப் பார்த்த அப்பாதுரைக்கு மூளையில் ஒரு பல்பு எரிந்தது. களத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, 'இங்கு வாகனங்கள் நிறுத்தலாம்' என்று ஒரு போர்டு மாட்டினால் போதும். ஆனால் களத்தின் வாயிலேயே சந்திரம்மாளின் வைக்கோல் போர் நின்றது.

சந்திரம்மாள் அவருக்கு அந்நியம் இல்லை. சித்தப்பா மகன் சடையனுடைய பெண்டாட்டி. சடையன் பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் தீபத்துக்கும் மட்டும் ஊரில் தலை காட்டுவான். அவளிடம் இரண்டு கறவை மாடுகள். பாலை டீக்கடைகளுக்கு ஊற்றுவாள். பௌர்ணமி அன்றைக்குப் பாதையோரம் தட்டு வைத்துக் கற்பூரம் விற்பாள். அடுத்த அறுப்பு வரைக்கும் அந்த இரண்டு மாட்டுக்கும் வாய்க்கு வழி அந்த ஒரு போர்தான்.

"போரைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டுக்கோம்மா" என்று காசியின் டீக்கடையில் வைத்து நல்லவிதமாகத்தான் சொன்னார். அவள் பால் கேனை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"ஏன் மாமா, அண்ணாமலையாரு வந்து சொன்னாக்கூட யோசிச்சுதான் நகர்த்துவேன். நீங்க யாரு, அவருக்கு மேனேஜரா?"

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். காசி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அப்பாதுரைக்குத் தாங்கவில்லை. வேன், கயிறு, போர்டு எல்லாம் மறந்துபோயிற்று. சிரிப்பு மட்டும் காதில் நின்றது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதருக்கு எத்தனையோ விஷயங்களில் பக்குவம் வந்துவிடுகிறது. பொம்பிளை ஒருத்தி சொன்னதைக் கேட்டு நாலு பேர் சிரித்தால் மட்டும் வயது சட்டென்று பதினாறுக்கு இறங்கிவிடுகிறது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பங்குனி மாதம், உச்சி வெயிலில் ஊர் சோறு தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்த நேரம், அவர் களத்துக்குப் போனார். போர் ஓரமாக இரண்டு மாடும் கட்டிக் கிடந்தன. என்ன இருந்தாலும் விவசாயி. மாட்டை எரிக்க மனசு வரவில்லை. முதலில் இரண்டையும் அவிழ்த்துப் பாதைக்கு ஓட்டிவிட்டார். அதற்கப்புறம் குனிந்து ஒரு குச்சியைக் கிழித்தார்.

வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது என்பதுதான் திட்டம். ஆனால் தீக்கு அவருடைய திட்டம் தெரியாது. காற்று ஒரு சுழற்றுச் சுழற்றி, கங்குகளை அள்ளிக்கொண்டு கீற்று வீடுகள் பக்கம் திரும்பியது. "ஐயையோ தீ! தீ! ஓடியாங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் நடிப்பு ஒரு துளிகூட இல்லை. ஒரு வாசலில் இருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஊற்றினார். ஊர் திரண்டு வந்து கூரைகளை எல்லாம் நனைத்துக் காப்பாற்றியது. போர் மட்டும் அரை மணி நேரத்தில் சாம்பல் ஆனது.

யார் வைத்தது என்கிற கேள்விக்கு ஊர் அதிகம் சிரமப்படவில்லை. "எவனோ கிரிவலம் வந்தவன் பீடித்துண்டை வீசிட்டுப் போயிட்டான்" என்று முடித்துவிட்டார்கள். அந்த ஊரில் ஆடு காணாமல் போனாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், மகன் பரீட்சையில் தவறிப்போனாலும் கிரிவலம் வந்தவன்தான் காரணம். வேறு இரண்டு மூன்று பேர், நிவாரணம் வாங்கச் சந்திரம்மாளே கொளுத்திக்கொண்டாள் என்று மெல்லக் காதைக் கடித்தார்கள். அது அவள் காதுக்கும் போயிற்று. அவள் தினமும் ஏரிக்கரைக்குப் போய்ப் புல் அறுத்துக்கொண்டு வந்து போட்டாள். வெயிலில் புல்லும் கம்மி, பாலும் கம்மி. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

இந்த நேரத்தில்தான் பிரசாத் வந்து சேர்ந்தான். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மாடி அறையில் 'தீபச்சுடர் சமூக மேம்பாட்டு அறக்கட்டளை' என்று போர்டு மாட்டியிருந்த அமைப்பில் அவன் கள அலுவலர். முந்தின வருஷம் பிளாஸ்டிக் பற்றி விழிப்புணர்வு ஊட்டினான். அதற்கு முந்தின வருஷம் கொசு. இந்த வருஷம் தீ கிடைத்திருந்தது. தீத்தடுப்பு வேலை செய்கிற அறக்கட்டளைக்குப் பெயர் தீபச்சுடர் என்று இருப்பதில் அவனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

"சார், நீங்கதான் எங்களுக்கு ரோல் மாடல்" என்றான் அப்பாதுரையிடம். "உங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தா தீ வைக்கிறவனுக்குப் பயம் வந்துடும் சார்."

அப்பாதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நோட்டீசில் பெயர் வரும் என்று பிரசாத் சொல்லிவிட்டான். பெயருக்கு முன்னால் 'சமூக ஆர்வலர்' என்று போடுவார்களாம். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

கூட்டம் சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில். சாமியானா போட்டு, மைக் செட் கட்டி, நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். 'தீ வைப்பதைத் தடுப்போம், திருந்தி வாழ்வோம்' என்று துணி பேனர் கட்டியிருந்தது. யார் திருந்தி வாழ்வது என்று அதில் போடவில்லை. முன்வரிசையில் அப்பாதுரையின் சம்சாரம் பாஞ்சாலையும் மகள் வேதாவும் உட்கார்ந்திருந்தார்கள். வேதாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. ஒன்பதாம் மாதம். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

பிரசாத் பேசினதில் குற்றம் சொல்ல முடியாது. நல்ல விஷயங்கள்தான். போரையும் வீட்டையும் ஒட்டி ஒட்டிப் போடக் கூடாது, நடுவே இடம் விட வேண்டும். பக்கத்தில் ஒரு பீப்பாய் தண்ணீரும் கொஞ்சம் மணலும் எப்போதும் இருக்க வேண்டும். தீ என்றால் உடனே நூற்றியொன்றுக்குப் போன் போட வேண்டும். பங்காளிச் சண்டையோ வரப்புச் சண்டையோ, முற்றுவதற்குள் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். தீ வைத்தவன் யார் என்று தெரிந்தால் சொந்தக்காரன் என்று மூடி மறைக்கக் கூடாது.

"ஏன்னா தீ வைக்கிறவன் வானத்துலேர்ந்து வர்றதில்லைங்க. தொண்ணூறு சதவீதம் தெரிஞ்சவன்தான். பக்கத்து வீட்டுக்காரன். பங்காளி. நம்மகூடவே வந்து தண்ணி ஊத்தறவன்."

இந்த இடத்தில் கூட்டம் தலையாட்டியது. மேடையில் இருந்த அப்பாதுரையும் தலையாட்டினார். ஆட்டும்போது கழுத்து வலித்தது.

அடுத்து செயல்முறை விளக்கம். ஒரு சட்டியில் கொஞ்சம் சருகைப் போட்டுக் கொளுத்தி, அப்பாதுரையைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஊற்றிய மாதிரியே ஒரு குடம் ஊற்றிக் காட்டச் சொன்னார்கள். ஊற்றினார். ஒரு சட்டிக்கு ஒரு குடம் ஜாஸ்தி. மேடை முழுக்கத் தண்ணீர் ஓடியது. கூட்டம் கை தட்டியது. படம் சரியாக விழவில்லை என்று போட்டோகிராபர் இன்னொரு தடவை ஊற்றச் சொன்னான்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் உறுதிமொழி என்று ஒன்றை வைத்தானே, அங்கேதான் பிரசாத் இந்த ஊரைத் தெரியாமல் கையை விட்டான்.

"எல்லாரும் எழுந்து நின்னு வலது கையை முன்னால நீட்டுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லுங்க. எந்த முன்விரோதம் காரணமாகவும் பிறருடைய உடைமைக்குத் தீ வைக்க மாட்டேன் என்று உளமார உறுதி கூறுகிறேன்."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மைக் மட்டும் கீச்சென்று கத்தியது. பிரசாத் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னான். கூட்டம் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தது.

காசி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான். "சார், நாங்க என்னாத்துக்கு சத்தியம் பண்ணணும்?"

"சத்தியம் இல்லீங்க, உறுதிமொழி. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"கை நீட்டிச் சொன்னா அது சத்தியம்தானே சார்? இந்த ஊர்ல யார் மேல சந்தேகமோ அவன்தான் சத்தியம் பண்ணுவான். இத்தினி வருஷமா நான் ஒருத்தன்கிட்டயும் கை நீட்டிச் சத்தியம் பண்ணது கெடையாது. இப்ப வந்து பண்ணா நாளைக்கு என்னா பேசுவாங்க? காசிதான் வெச்சான் போலக்குது, அதான் சத்தியம் வாங்கிட்டாங்கன்னுவாங்க."

"ஆமா, ஆமா" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. பிரசாத்துக்கு வேர்த்தது. உறுதிமொழி எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அவனுடைய படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சைபர் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் அவன் நுழைய முடியாது.

"நான் பண்றேன் சார்" என்று ஒரு குரல் கேட்டது. சந்திரம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். இடுப்பில் செருகியிருந்த கற்பூரப் பாக்கெட்டை எடுத்தாள். பௌர்ணமி வியாபாரத்துக்கு வாங்கி வைத்திருந்த பெரிய பாக்கெட்.

"வெறுங் கையை நீட்டினா சத்தியம் ஆவுமா? எங்க ஊர்ல கற்பூரத்தை ஏத்தி, அதைக் கையால அணைச்சாத்தான் சத்தியம். அதுவும் இனிமே வெக்க மாட்டேன்னு சொல்றது என்னா பெரிய விஷயம்? எவன் வேணா சொல்லுவான். இதுவரைக்கும் வெக்கலன்னு சொல்லணும். எம் போரை நானே கொளுத்திக்கினேன்னு கூட சில பேர் பேசறாங்க. நான் மொதல்ல பண்றேன். அப்புறம் எல்லாரும் வாங்க."

தட்டில் ஒரு கட்டியை வைத்து ஏற்றினாள். "எம் போருக்கு நான் தீ வெக்கல" என்று மலையைப் பார்த்துச் சொல்லி, உள்ளங்கையால் அமுக்கி அணைத்தாள்.

பிரசாத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பியூட்டிஃபுல்! மக்கள் பண்பாட்டோட இணைஞ்ச உறுதிமொழி! போட்டோ எடுங்க, போட்டோ எடுங்க" என்று மைக்கிலேயே கத்தினான்.

சந்திரம்மாள் செய்தபிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. இதுவரை சத்தியம் பண்ணுகிறவன் மேல் சந்தேகம் வரும் என்று இருந்தது. இப்போது பண்ணாதவன் மேல் வரும். காசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடினான். அவனுக்குப் பின்னால் வரிசை பிடித்து நின்றது ஊர். ஒவ்வொருவரும் "சந்திரா போருக்கு நான் தீ வெக்கல" என்று சொல்லிச் சொல்லி அணைத்தார்கள். பாஞ்சாலையும் போய் அணைத்துவிட்டு வந்தாள். வேதா எழுந்திருக்கப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சி சத்தியம் பண்ணக் கூடாது என்று பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிரசாத் படிவத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தான்.

மேடையில் அப்பாதுரை பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய் சொல்வது அவருக்குப் புதிதில்லை. நிலப் பத்திரத்தில் சொல்லியிருக்கிறார், ரேஷன் கார்டில் சொல்லியிருக்கிறார், பெண் பார்க்கப் போன இடத்தில் வயதைச் சொல்லியிருக்கிறார். கற்பூரம் வேறு. வேறு ஊரில் கற்பூரம் வெறும் கற்பூரம்தான். இங்கே சாமியே நெருப்பு, மலையே நெருப்பு. அதன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நெருப்பை அணைத்து நெருப்பைப் பற்றிப் பொய் சொல்வதற்குத் தைரியம் மட்டும் போதாது, புத்தியும் கெட்டிருக்க வேண்டும்.

பொய்ச் சத்தியத்தின் பாவம் பண்ணினவன் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை. அது பிள்ளைகள் தலையில் விழும் என்பதுதான் ஊர் நம்பிக்கை. மோட்டார் திருட்டில் பொய்யாகக் கற்பூரம் அணைத்தானே சகாதேவன், மூன்றாம் மாதம் அவனுடைய மகனுக்குக் கால் முறிந்தது. மகன் குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தான் என்பதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாதுரையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வேதாவின் வயிற்றைப் பார்த்தார். ஆறு வருஷம் அவள் ஏறி இறங்காத கோயில் இல்லை. அணைத்தால் அந்த வயிறு. அணைக்காவிட்டால் இத்தனை வருஷம் ஊரில் தூக்கிச் சுமந்த மானம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டும் தீப்பெட்டியும்.

"கடைசியா நம்ம தலைவர்! நூத்துக்கு நூறு!" என்று பிரசாத் அறிவித்தான்.

அப்பாதுரை எழுந்தார். சந்திரம்மாள் கட்டியை ஏற்றினாள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சத்தியம் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்" என்றார். தீயின் வரலாற்றைப் பேசினார். தண்ணீரின் பெருமையைப் பேசினார். இந்தக் காலத்துப் பையன்கள் பீடி பிடிப்பதைக் கண்டித்தார். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசி, கட்டி தானாக எரிந்து தீர்ந்ததும், "வணக்கம்" என்று முடித்தார்.

"இன்னும் இருக்குது மாமா" என்று சந்திரம்மாள் அடுத்த கட்டியை வைத்தாள்.

இரண்டாவது கட்டியை ஏற்றியதும் மலைப்பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்து ஊதிவிட்டது. அப்பாதுரைக்கு உயிர் திரும்பி வந்தது. "சாமியே அணைச்சிடுச்சு! அப்புறம் என்னா, சத்தியம் ஆயிடுச்சு" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

சந்திரம்மாள் சிரிக்கவில்லை. முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு மூன்றாவது கட்டியை ஏற்றினாள். ஏற்றும்போது மைக்கில் விழாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"தீ புடிக்கறதுக்கு முன்னாடியே என் மாடு ரெண்டும் பாதையில நின்னுச்சு மாமா. நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். யாருடா அவுத்து விட்டதுன்னு எழுந்து வரதுக்குள்ள நீங்க கத்தினீங்க. கிரிவலம் வந்தவன் பீடி வீசறதுக்கு முன்னாடி என் மாட்டையா அவுத்து விடுவான்? மாட்டை அவுத்த கைன்னுதான் போலீசுக்குப் போகாம இருந்தேன். அந்தக் கையால இதை அணைங்க, பாக்கலாம்."

அப்பாதுரையின் கை பாதி வழியில் நின்றது. கற்பூரம் நன்றாக எரிந்தது. முன்வரிசையில் வேதா, அப்பா ஏன் இன்னும் அணைக்கவில்லை என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நான்தான் வெச்சேன்" என்றார்.

மைக் கையிலேயே இருந்தது. ஊர் எல்லை வரைக்கும் கேட்டது. பாஞ்சாலை வாயில் கையை வைத்தாள். மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியைப் பிரசாத்தால் தாங்க முடியவில்லை. தன்னுடைய வரவேற்புக்குழுத் தலைவரே தீ வைத்தவர் என்று எழுத அவனுடைய படிவத்தில் கட்டம் கிடையாது. சட்டென்று கை தட்டினான். "அருமை சார், அருமை! தீ வெச்ச ஒருத்தன் மனசாட்சி எப்படிப் பேசும்னு தலைவர் நடிச்சுக் காட்டினார்! பலமா கை தட்டுங்க!"

ஊருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வெளியூர்க்காரன் முன்னால், போட்டோகிராபர் முன்னால், தாங்களே கை தட்டிப் போட்ட தலைவர் இப்படி நிற்பதை வேறு எப்படித்தான் சமாளிப்பது? காசி விசில் அடித்தான். கை தட்டல் மைதானத்தை அதிரவைத்தது.

"நடிக்கலய்யா. நெசமா நான்தான் கொளுத்தினேன்" என்றார் அப்பாதுரை. முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். பிரசாத் ஓடிவந்து அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்தினான். "சிரிங்க சார்" என்றான் போட்டோகிராபர். தீ வைத்ததை ஒப்புக்கொண்டதற்காகப் பொன்னாடை வாங்கிய முதல் மனிதர் இந்த ஜில்லாவில் அவராகத்தான் இருக்க வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் நடுவே உண்மையைச் சொன்னார். அதை ஒருத்தரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. சாம்பல் ஆன போரின் முன்னால் நின்று, 'முதல் குடம் ஊற்றினீர்களே' என்று ஊர் பாராட்டியபோதுகூட இவ்வளவு வெட்கம் வரவில்லை.

கை தட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சந்திரம்மாள். அவள் மிச்சக் கற்பூரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்தி வேதா.

வீட்டுக்கு வந்ததும் வேதா கேட்டாள். "நெசமாப்பா?"

அவர் பொன்னாடையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "நெசம்தான்."

"எதுக்குப்பா?"

"சிரிச்சாங்க" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. வேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. உள்ளே பாஞ்சாலை பாத்திரத்தை நங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

வெயில் சாய்வதற்குள் வீட்டுக்குப் பின்னால் மாடு கத்தியது. அவருடைய மாடு இல்லை. அப்பாதுரை எழுந்துபோய்ப் பார்த்தார். சந்திரம்மாள் தன்னுடைய இரண்டு மாடுகளையும் ஊர்த் தெரு வழியாக ஓட்டிக்கொண்டு வந்து, அவருடைய வைக்கோல் போருக்குப் பக்கத்தில் முளை அடித்துக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை. கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அப்பாதுரை போருக்குப் போய்க் கை கொள்ளும் மட்டும் வைக்கோலைப் பிடுங்கி இரண்டு மாட்டுக்கும் போட்டார். விலா எலும்பைப் பார்த்துவிட்டு இன்னொரு கை பிடுங்கினார். அவருடைய சொந்த மாடுகள் கொட்டகையிலிருந்து ஆச்சரியமாகப் பார்த்தன.

அந்த வழியாக மிதிவண்டியில் வந்த காசி காலை ஊன்றி நின்றான். "என்னாண்ணே, சந்திரா மாடு இங்க கட்டிக்குது?"

"அவ போரைக் கொளுத்தினேன் இல்ல. இனிமே இங்கதான் தின்னும்."

காசி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "போதும்ண்ணே. இன்னும் நாடகத்தை வுடலியா நீ? காலையில நீ சொன்னப்ப நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன் பாரு."

அப்பாதுரை மேலும் ஒரு கை பிடுங்கி உதறிப் போட்டார். சந்திரம்மாள் காசியைப் பார்த்தாள். சிரிப்பதற்கு அவன் துணை தேடினான். இரண்டு முகத்திலும் கிடைக்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. அவன் போரைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், அப்பாதுரையின் கையைப் பார்த்தான். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான். இன்னும் கால் மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அப்பாதுரை அவனைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

மாடுகள் தின்று முடிக்கிற வரைக்கும் சந்திரம்மாள் நின்றாள். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நாளைக்குப் பால் கறந்துட்டு ஓட்டியாரேன் மாமா. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா புடுங்கி வைங்க."

"சரிம்மா" என்றார் அப்பாதுரை.